காலாவதித் தேதி எங்கே இருக்கிறது?

ஓசூர்24:
கிருஷ்ணகிரியில் கடந்த ஞாயிறன்று நடந்த பள்ளி மாணவியர் கூடைப்பந்துப் போட்டி பற்றிய பதிவின் கீழ், "ஒருமுறை தேர்ச்சி பெற்றவன் கடைசிவரை நடுவர்தான், புதுப்பித்தல் என்பதெல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்று பழைய விசில் ஐயா எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவே தன் நடுவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் உரிமம் தருகிறது. அன்றைய ஆட்டத்தில், ஓடியபடியே பந்தை வாங்கி, கூடைக்கு அருகில் எழும்பி லே-அப் போட்ட எட்டாம் எண் மாணவிக்கு, நடுவராக நின்ற ஐயா இரண்டு கைகளையும் உருட்டி டிராவலிங் (பந்தோடு கூடுதல் அடி வைத்த தவறு) காட்டினார். பந்து கைக்குள் வரும் நொடியில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது, அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம் என்று 2017 அக்டோபரிலேயே விதி மாறிவிட்டது. புதுப்பித்திருந்தால் ஐயாவுக்கு இது தெரிந்திருக்கும்.

பழைய விசில்:
தம்பி, 1998-இல், மாவட்டம் பிரியாத காலத்தில், தருமபுரியில் முகாமில் தங்கி, எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, மைதானத்தில் செய்முறைத் தேர்வு மூன்றையும் முடித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். அதில் என் பெயர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. காலாவதித் தேதி எங்கே இருக்கிறது? அது பால் பாக்கெட்டுக்கும் மாத்திரை அட்டைக்கும் போடுவது. அந்தப் பெண் வைத்தது மூன்று அடி. நான் கூடைக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். தாங்கள் வேப்பமர நிழலில் நின்று பார்த்தீர்கள்.

பாலக்கோட்டுப் பெண்:
ஒரு சந்தேகம். மாவட்ட அளவில் பெறும் சான்றிதழ், மாநில நடுவர் பட்டியல், தேசியப் பட்டியல், ஃபிபா உரிமம் ஆகியவை வெவ்வேறு படிகள் அல்லவா? மேல்படிக்கான இரண்டாண்டு விதியைக் கீழ்ப்படிக்குப் பொருத்தலாமா என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட்டு வாதாடினால், மேசையில் ஸ்கோர் எழுதும் என்னைப் போன்றவர்களுக்கும் பயன்படும்.

ஓசூர்24:
படி எதுவானால் என்ன அக்கா, இரண்டு ஆண்டு என்பது இரண்டு ஆண்டுதான். ஐயா 1998-இல் தேர்வு எழுதியபோது ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக இருந்தது. ஷாட் கிளாக்குக்கு, அதாவது பந்து கிடைத்த அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டிய நேரத்துக்கு, 30 வினாடி. பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளும், 24 வினாடியும், பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்ல எட்டு வினாடியும் 2000-இல்தான் வந்தன. 2010-இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போனது. கூடைக்கு முன்னால் இருந்த சரிவகக் கட்டம் செவ்வகமானது. நாம் ஆடிய மைதானத்தில் புதுப் பெயின்டுக்கு அடியில் அந்தப் பழைய சரிவகக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. ஐயாவின் சான்றிதழும் அந்தக் கோட்டைப் போன்றதுதான்.

தகடூரான்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். ஐயாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது தருமபுரி. ஆகவே அவர் எங்கள் நடுவர். அவரை வைத்துப் போட்டி நடத்திவிட்டு அவரையே ஏசுவது என்ன நியாயம்?

மாங்கனி ஊரான்:
உங்கள் நடுவர் என்றால் பேருந்துச் செலவையும் நீங்களே கொடுங்கள். ஓசூர்க்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்று பயிற்சிக்குப் பெங்களூருக்கு ஓடுகிறார்கள். திரும்பி வந்து கிருஷ்ணகிரிக்காரனுக்கு விதி கற்பிக்கிறார்கள்.

ஓசூர்24:
எங்கே கற்றால் என்ன? விதிப்புத்தகம் ஒன்றுதான். இரண்டு ஆண்டு என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய விசில்:
பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 1891-இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் தம் 13 விதிகளில், ஆட்டக்காரர்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என்று எழுதினாரே தவிர, அந்த இருவரும் இரண்டு ஆண்டுக்கொருமுறை வரிசையில் நின்று உரிமம் வாங்க வேண்டும் என்று எழுதவில்லை. 24 வினாடி வந்தபோது, கடிகாரம் வாங்க வழியில்லாத மைதானங்களில், கையில் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பத்து வினாடிகளை வாய்விட்டு எண்ணியவன் நான். அப்போது யாரும் என் சான்றிதழைக் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. தம்பியின் கோபத்துக்கு வேர் எது என்பதும் எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில், என் முடிவைக் கேட்டுப் பந்தைத் தரையில் ஓங்கி அடித்ததற்காக அவருக்கு, நடத்தைத் தவறுக்கான டெக்னிகல் ஃபவுல் கொடுத்தேன். அதற்காக எதிரணிக்குக் கிடைத்த ஒற்றை ஃப்ரீ த்ரோவில் அவருடைய அணி தோற்றது. இரண்டு ஆண்டு, இரண்டு ஆண்டு என்று இப்போது ஒலிப்பது அந்தப் பந்தின் சத்தம்தான்.

ஓசூர்24:
அந்த டெக்னிகலும் தவறுதான். பந்து என் கையிலிருந்து நழுவியது. அதை இங்கே இழுத்தது ஐயாதான், நான் இல்லை. உடற்தகுதித் தேர்வில் 20 மீட்டர் இடைவெளியில் பீப் ஒலிக்கு ஏற்ப ஓடச் சொல்வார்கள். ஐயா எத்தனை சுற்று ஓடுவார்?

பழைய விசில்:
முழங்காலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது என்றால் விதியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள்.

தகடூரான்:
சபாஷ் ஐயா.

பாலக்கோட்டுப் பெண்:
நான் கேட்டது அப்படியே கிடக்கிறது. அன்றைய ஸ்கோர் தாளை எழுதியவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த லே-அப்பை ஏற்றிருந்தாலும் எட்டாம் எண்ணின் அணி பதினொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருக்கும்.

ஓசூர்24:
புள்ளி முக்கியமில்லை அக்கா. இரண்டு அடிதான் வைத்தாள்.

பழைய விசில்:
மூன்று. சான்றிதழைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். காலாவதித் தேதியைக் கண்டுபிடிப்பவர் தாராளமாகச் சொல்லலாம்.

மாங்கனி ஊரான்:
லேமினேஷன் மேல் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து, "19" என்பதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை ஐயா.

பழைய விசில்:
நாளைக் காலை வெயிலில் வைத்து எடுத்துப் போடுகிறேன்.