பனிக்குழி வெட்டிப் பார்ப்பதில் எங்கே சறுக்குகிறது? அனுபவப் பகிர்வு

தெம்பனிஸ் மலையேறி:
டிசம்பர் லீவுக்கு ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்கள், பனிச்சரிவு (பனிப்பாளம் பெயர்ந்து விழுவது) அபாயத்தை அறியக் குழி வெட்டிச் செய்யும் ஈசிடி (ECT) சோதனையைப் பற்றி நிறைய கேட்கிறார்கள். அளவு எளிது. சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., சரிவின் மேல்பக்கம் நோக்கி 30 செ.மீ. கொண்ட பனித்தூணை நான்கு பக்கமும் பிரித்து நிறுத்த வேண்டும். பின்பக்கத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுக்கலாம். ஒரு ஓரத்தில் மண்வெட்டித் தகட்டைக் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்ட வேண்டும். கை தன் எடையில் விழட்டும், ஓங்கி அடிக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது விரிசல் தூணின் மறுமுனை வரை ஓடுகிறதா என்பதைத்தான். 14ஆம் தட்டில் தொடங்கி, அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ முழு அகலத்துக்கும் ஓடினால் ஈசிடிபி 14 என்று குறிப்போம். பாதியில் நின்றால் ஈசிடிஎன். பனியின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் உடைந்தது என்பதையும் குறித்துவையுங்கள். எண் பெரிது, அதனால் ஆபத்து குறைவு என்று நினைப்பதுதான் பலர் செய்யும் பிழை. எண்ணை விட ஓடியதா நின்றதா என்பதுதான் முக்கியம்.

கெடுவது இங்கே: தூணுக்கு மேலே நின்று மிதித்துவிடுகிறார்கள், கயிறு சாய்ந்து அறுத்துவிடுகிறது, மரத்தடியில் குழி வெட்டுகிறார்கள். மேலே கை முஷ்டி எளிதாய் நுழையும் அளவுக்கு மெத்தென்ற பனி தடிமனாக இருந்தால், தட்டும் அடியை அதுவே விழுங்கிவிடும். பலவீனமான அடுக்கு ஒரு மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருந்தாலும் அடி அங்கே எட்டாது.

பிடோக் அக்கா:
தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழமான அடுக்குக்குப் பிஎஸ்டி (PST) பொருந்தும், இது ரம்பத்தால் அடுக்கை அறுத்துப் பார்க்கும் சோதனை. தூணின் அகலம் 30 செ.மீ., சரிவின் மேல்பக்கம் நோக்கி 100 செ.மீ., அந்த அடுக்கில் ரம்பத்தின் மழுங்கிய பக்கத்தைச் சரிவின் கீழிருந்து மேலே இழுங்கள். பாதி நீளம் வெட்டும் முன்பே விரிசல் கடைசி வரை ஓடிவிட்டால் அங்கே ஏறாதீர்கள்.

அடுக்கைக் கண்டுபிடிக்க விரல் போதும். குழியின் சுவரில் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். திடீரென்று சீனி போலச் சரசரவென்று உதிர்ந்தால், அதை உள்ளங்கையில் வாங்கி லூப் (கைப் பூதக்கண்ணாடி) வைத்துப் பாருங்கள். கற்கண்டுத் துணுக்கு மாதிரி முனையும் பட்டையுமாக இருந்தால் அதற்கு ஒட்டும் குணமே கிடையாது. 10 செ.மீ. ஆழ வித்தியாசத்தில் 1 டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறினால், பனிமணிகள் நாளடைவில் இப்படி உருமாறும். மெல்லிய பனியும் தெளிவான குளிர் இரவும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சோதனை நல்லபடி வந்தது என்று ஒரு சரிவுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. பத்து மீட்டர் தள்ளினால் அடுக்கு வேறு மாதிரி இருக்கும். மோசமாக வந்தால் மட்டும் நம்புங்கள்.

ஈசூன்வாசி:
குழி வெட்டும் முன்னே பார்க்க வேண்டியது கோணம். பாளமாகப் பெயரும் சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான், 38ஐ ஒட்டி அதிகம். 30 டிகிரி எப்படி இருக்கும் என்று கேட்டால், நம்ம வீவக புளோக் மாடிப்படியைப் பாருங்கள். படி உயரம் 17 செ.மீ., அகலம் 27 செ.மீ. என்றால் சுமார் 32 டிகிரி. அவ்வளவு "சாதாரண" சரிவுதான்! மேலே தொங்கும் சரிவின் கோணத்தையும் சேர்த்துப் பாருங்கள், நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருந்தாலும்.

கால் வைத்ததும் "வும்ப்" என்று பனி அமுங்கும் சத்தம், சறுக்குப் பலகைக்கு முன்னால் பாயும் விரிசல், பக்கத்தில் அண்மையில் சரிந்த தடம்: இதில் ஒன்று இருந்தாலும் குழி வேண்டாம், திரும்புங்கள். ஹொக்கைடோவில் காற்று பொதுவாக வடமேற்கிலிருந்து வரும். ஆகவே தென்கிழக்குப் பக்கச் சரிவுகளில் தலையணை போல் பனி குவிந்திருக்கும், தட்டினால் பறை போல் ஒலிக்கும். அங்குள்ள நிசெகோ பனிச்சறுக்குத் தலத்தில் எல்லைக் கயிற்றைத் தாண்டவே கூடாது, கேட் வழியாகத்தான் வெளியேற வேண்டும், கேட் மூடியிருந்தால் அதுவும் கூடாது, அது அங்குள்ள விதி.

ஐரோப்பிய பனிச்சரிவு அபாய அளவு ஐந்து படிகள். "3" என்பதை நடுத்தரம் என்று எண்ணி ஏமாறாதீர்கள், இறப்புகளில் பெரும்பங்கு அங்கேதான்.

பிடோக் அக்கா:
பீக்கன் (பனியில் புதைந்தவரைத் தேட ஆளுக்கொன்று அணியும் சிக்னல் கருவி) பயிற்சியைச் சிங்கப்பூரிலேயே செய்யலாம். ஒருவர் ஒரு பீக்கனைத் துணிப்பையில் போட்டுப் புதரடியில் ஒளிக்கட்டும், தோண்ட வேண்டாம். பீக்கன் தேடும் நிலையில் இருக்கும்போது கைத்தொலைபேசி அதிலிருந்து 50 செ.மீ., சிக்னல் அனுப்பும் நிலையில் 20 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். மின்கம்பிகளுக்கு அருகே பீக்கன் காட்டும் தூர எண் தாறுமாறாகக் குதிக்கும். கடைசி மூன்று மீட்டரில் பீக்கனைத் தரையோடு ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள், மிகச் சிறிய எண் காட்டும் இடத்தில் புரோப் (தேடும் நீளக் கம்பி) குத்துங்கள், சுற்றிச் சுற்றி 25 செ.மீ. இடைவெளியில். நிஜத்தில் புதைந்தவர் மீது பட்டதும் புரோப்பை எடுக்காதீர்கள். ஒரு மீட்டர் ஆழம் என்றால் கீழ்ப்பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி வெட்டத் தொடங்குங்கள்.

தெம்பனிஸ் மலையேறி:
அல்கலைன் பேட்டரி, அக்கா, அதையும் எழுதிவிடுங்கள். பல பீக்கன்களில் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் சதவீதம் பொய் சொல்லும். ஏர்பேக் (பனிச்சரிவில் ஊதி விரியும் முதுகுப்பை) சிலிண்டருக்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், சாங்கியில் கவுன்டரில் நின்று கேட்பது நடக்காது. ரம்பமும் மண்வெட்டியும் செக்-இன் லக்கேஜில்.