பேப்பர் ட்ரில் மெஷின்ல புகை வருது, அவசரம்!

ரங்கூன்_பிரஸ்
வணக்கம். பேப்பர் கட்டுல ஓட்டை போட ட்ரில் பண்ணும்போது புகை வருது, கருகின வாடை வேற. அடியில இருக்கிற தாள்ல ஓட்டை சரியா விழ மாட்டேங்குது. நல்லா இறக்கி அழுத்தியும் பாத்தாச்சு. பிட் கூராத்தான் இருக்கு. காலையில டெலிவரி. தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.

மோல்மேன்காரன்
என்ன பேப்பர்? எத்தனை ஜிஎஸ்எம் கனம்? பிட் சைஸ் என்ன? கட்டு எவ்வளவு உயரம் வைக்கிறீங்க? அடியில என்ன பலகை? ஒண்ணுமே சொல்லாம புகை வருதுன்னா நாங்க என்னத்தச் சொல்ல தம்பி?

சோப்புக்கட்டி
பிட்ல காஞ்ச துணிசோப்பைத் தடவுங்க. எங்க பட்டறையில காலங்காலமா அதுதான்.

பழைய பைண்டர்
கட்டிங் கத்திக்கும் ட்ரில் பிட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க எல்லாம் இன்னிக்கு பிரஸ் வச்சிருக்காங்க. பேப்பர் பிட் நடுவுல குழாய், வெட்டின வட்டத்துண்டு உள்ளுக்குள்ள மேல ஏறி வெளியே விழணும்னாவது தெரியுமா? வேலை முடிஞ்சதும் உள்ள இருக்கிற துண்டைத் தள்ளி எடுத்துடணும். சூட்டோட விட்டுட்டுப் போனா மறுநாள் கட்டை மாதிரி இறுகிடும். அதுமேல ஓட்டினா புகை வராம சாம்பிராணியா வரும்? பிட்டே பிளந்து போன கேஸ் பாத்திருக்கேன். மெஷினோட வர்ற புத்தகத்தை ஒருத்தரும் படிக்கிறதில்ல.

மோல்மேன்காரன்
ஐயா சொல்றது சரிதான், சொல்ற விதம்தான்... தம்பி, துண்டைத் தள்ளும்போது வெட்டுற முனையிலேர்ந்து மேல் பக்கமா, பிட்டை விட மெல்லிசான கம்பியால தள்ளுங்க. உள் துவாரம் மேல போகப் போக அகலம். எதிர்ப்பக்கமா அடிச்சா இன்னும் இறுகும். ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்தாதீங்க, முனை போயிடும்.

வயர்மேன்_பகோ
லைன் கரண்டா ஜெனரேட்டரா? இப்ப சாயங்காலம் ஆனா வோல்டேஜ் இருக்கிற லட்சணத்துக்கு மோட்டர் மெதுவாத்தான் சுத்தும். மெதுவா சுத்தினா பிட் வெட்டாது, தேய்க்கும். நீங்க பிட்டைப் பாக்குறீங்க, கோளாறு சுவத்துல இருக்கு.

மோல்மேன்காரன்
அது எப்படிண்ணே? இண்டக்ஷன் மோட்டர் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸ்ல நாலு துருவ (போல்) மோட்டர் நிமிஷத்துக்கு 1500 சுத்துக்குக் கொஞ்சம் கீழ சுத்தும். வோல்டேஜ் இறங்கினா வேகம் லேசாத்தான் குறையும். ஆம்பியர் ஏறி காயில் சூடாகும், அது வேற வியாதி.

வயர்மேன்_பகோ
மீ, அதான் கரண்ட், போனா எல்லாரும் ஜெனரேட்டர்லதானே ஓட்டுறாங்க? லோடு ஏறினா அது 45 ஹெர்ட்ஸுக்கு வந்துடும்.

மோல்மேன்காரன்
வரட்டும், 1350 ஆச்சு. அதனால பேப்பர் கருகுமா? பெரிய பிட் போடும்போது நாமளே வேகத்தைக் குறைக்கிறோம், சூடு ஏறக்கூடாதுன்னுதான். பெல்ட் வழுக்குதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்.

வயர்மேன்_பகோ
சரி, நீங்களே என்ஜினியர். நான் இன்வெர்ட்டர் மாட்டப் போறேன்.

ரங்கூன்_பிரஸ்
லைன் கரண்ட்தான். ஆர்ட் பேப்பர் 150 ஜிஎஸ்எம், ஏ4. டைல்ஸ் கேட்லாக், ரிங் ஃபைல்ல போடுறதுக்கு ரெண்டு ஓட்டை. 6 எம்எம் பிட், 80 எம்எம் இடைவெளி. கட்டு ரெண்டு அங்குலம். அடியில ப்ளைவுட். மெஷின் செகண்ட் ஹேண்டு, பிட் மாட்டிச் சுத்துற ஸ்பிண்டில் ரெண்டு. பிட்டு போன வாரம்தான் லேத்துக்காரர்கிட்ட சாணை பிடிச்சது, அதனால அதுல பிரச்சனை இல்ல.

தான்லின்_அக்கா
தம்பி, மூணு கேள்வி. புகை எந்தப் பக்கம்? அடித்தாள் வெட்டாதது எந்தப் பக்கம்? சாணை ரெண்டு பிட்டுக்குமா ஒண்ணுக்கா?

ரங்கூன்_பிரஸ்
புகை வலது. வெட்டாதது இடது. சாணை இடது மட்டும்.

தான்லின்_அக்கா
அப்பவே நெனச்சேன். ரெண்டு பிட்டையும் கழட்டி மேசையில பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுப் பாருங்க, இடது குட்டையா இருக்கும். சாணை பிடிச்சா நீளம் குறையத்தானே செய்யும்? குட்டைப் பிட் அடித்தாளைத் தொடல. அதுக்காக நீங்க ஆழத்தைக் கூட்டினீங்க. உடனே வலது பிட் ப்ளைவுட்டுக்குள்ள போய் அங்கேயே சுத்துது. ப்ளைவுட் பசை கல்லு மாதிரி, முனையை மழுக்கிடும். மழுங்கின பிட்டுக்கு ஆர்ட் பேப்பர் கிடைச்சா புகைதான்.

ரெண்டு ஸ்பிண்டில்னா ரெண்டு பிட்டும் ஒரே நீளம் இருக்கணும். சாணைக்குக் குடுத்தா ஜோடியாக் குடுங்க. ஆழம் எவ்வளவுன்னா, அடிப்பலகையில மெல்லிசா ஒரு வட்டத் தழும்பு விழணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. லேத்துக்காரர் வெளிப்பக்கம் தேச்சாரா உள்பக்கமா? விரல் நகத்தை மெதுவா முனையில வச்சுப் பாருங்க. பிட் சுவரோட வெளி ஓரம்தான் கூரா இருக்கணும், சரிவு உள்பக்கம் இருக்கணும்.

பழைய பைண்டர்
சாணைக்கல்லுல வெளிப்பக்கம் தேச்சே எத்தனையோ பேர் ஓட்டியிருக்கோம். கூர் கூர்தான். இதெல்லாம் கம்பெனிக்காரன் கருவி விக்கிறதுக்குச் சொல்ற கதை.

தான்லின்_அக்கா
ஐயா, வெளிப்பக்கம் தேச்சா வெட்டுற விளிம்பு உள்ள போயிடுது. ஓட்டை 6 எம்எம்முக்குச் சின்னதா விழும், பிட் உடம்பு 6 எம்எம்தான். அந்த உடம்பு இறுக்கமான ஓட்டைக்குள்ள ஆப்பு மாதிரி நெருக்கிட்டுச் சுத்தும். சூடு அங்கேருந்துதான். மெல்லிசான வெள்ளைத்தாள் ஓரளவு தாங்கும், ஆர்ட் பேப்பர் தாங்காது. கூம்பு மாதிரி ஒரு கருவி வரும், பிட் வாய்க்குள்ள விட்டுத் திருப்பினா உள் சரிவு சரியா விழும். கடைசியில வெளிப்பக்கம் பிசிறு மட்டும் எண்ணெய்க்கல்லுல லேசா ஒரு தடவு.

பழைய பைண்டர்
உங்க பட்டறை, உங்க இஷ்டம்.

சோப்புக்கட்டி
சோப்பைப் பத்தி யாரும் பேசலையே?

மோல்மேன்காரன்
சோப்புல ஈரம் இருக்கும், துரு பிடிக்கும். மெழுகு போடுங்க. கட்டுக்கு நடுவுல அங்கங்க மெழுகுத்தாள் ஒண்ணு செருகினாலும் போதும். எண்ணெய் மட்டும் வேண்டாம், கேட்லாக் பூரா கறையாயிடும்.

ரங்கூன்_பிரஸ்
அக்கா, இடது குட்டைதான். சரிவு வெளியதான் இருக்கு. பக்கத்துல ஒரு புது பிட் கிடைக்கும், ஒண்ணே ஒண்ணு. ராத்திரிக்குள்ள எப்படி முடிக்கிறது?

தான்லின்_அக்கா
ஒண்ணு போதும். இடது ஸ்பிண்டிலைக் காலியா விட்டுடுங்க. பிட் நடுவுலேர்ந்து பின் தடுப்பை 12 எம்எம்ல, பக்கத் தடுப்பை 108.5 எம்எம்ல வைங்க. ஒரு ஓட்டை போட்டதும் பேப்பர் கட்டை அப்படியே குப்புறத் திருப்புங்க, முதுகு, அதாவது ஓட்டை விழுற ஓரம், பின் தடுப்புலேயே இருக்கட்டும், தலையும் காலும் இடம் மாறும். அதே தடுப்புல சேத்து ரெண்டாவது ஓட்டை. ஏ4 நீளம் 297, ரெண்டுக்கும் நடுவுல 80 தானா வந்துடும். ஆனா கட்டிங் சுத்தமா இருக்கணும், அரை எம்எம் கூடக்குறைய இருந்தா ஓட்டையும் அந்த அளவு நகரும்.

பேப்பர் கட்டு உயரத்தை ஒரு அங்குலமாக் குறைங்க. ப்ளைவுட்டைத் தூக்கிட்டு மில்போர்டு அட்டை போடுங்க. அதையும் அப்பப்ப நகர்த்துங்க. பழைய குழிமேலேயே பிட் இறங்கினா அடித்தாளுக்குத் தாங்கல் இல்ல, வெட்டாம உள்ள மடங்கும்.

வயர்மேன்_பகோ
பெல்ட்டையும் பாத்துக்கங்க.

ரங்கூன்_பிரஸ்
முடிஞ்சது. சரக்கு போயிடுச்சு. புகை இல்ல. நன்றி அக்கா.

மோல்மேன்காரன்
தம்பி, அந்தப் புது பிட் எங்க கிடைச்சது, என்ன விலை? நம்மது பழைய சேலஞ்ச் கம்பெனி மெஷின், அதுல சேருமா?

மோல்மேன்காரன்
தம்பி?

தான்லின்_அக்கா
அவர் தூங்கியிருப்பார். மேல மாட்டுற தண்டு கம்பெனிக்குக் கம்பெனி வேற. நாகல் கம்பெனி பிட் சேலஞ்ச்ல சேரும்னு நம்பி வாங்கிடாதீங்க. பழசைக் கையில எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டுப் பாத்து வாங்குங்க.