பென் டிரைவில் ஒரே ஒரு ஷார்ட்கட், ஃபார்மட் பண்ணியும் திரும்பத் திரும்ப வருது

நூலகப்பூனை (கேள்வி)
விண்டோஸ் 11 ஹோம், லேப்டாப், 8 ஜிபி ரேம். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்து பென் டிரைவைச் செருகினால் உள்ளே இருந்த ஃபைல்கள் எதுவும் இல்லை. "யூஎஸ்பி டிரைவ்" என்று ஒரே ஒரு ஐகான். அதை டபுள் கிளிக் செய்தால் எல்லா ஃபைலும் திறந்தது, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஃபார்மட் செய்தேன். அடுத்த முறை செருகியதும் அதே ஐகான். இதுவரை நான்கு முறை ஃபார்மட் ஆகிவிட்டது. வேறு புது பென் டிரைவ் போட்டாலும் அப்படியே. டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஓட்டினேன், "த்ரெட் இல்லை" என்கிறது. சும்மா இருக்கும்போது ஃபேன் இரைகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. என்ன செய்வது?

திருகாணி
பென் டிரைவ் குற்றவாளி இல்லை. உங்கள் லேப்டாப்தான் இப்போது ஒவ்வொரு பென் டிரைவிலும் எழுதிக்கொண்டிருக்கிறது. எனவே ஃபார்மட் செய்வதை நிறுத்துங்கள், அது கடைசி வேலை.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஐகானைத் திறக்காமல் பார்க்க வேண்டும்.

1. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஆப்ஷன்ஸ், வியூ போய் "ஹிட்டன் ஃபைல்களைக் காட்டு" என்பதைத் தேர்வு செய்து, அதற்குக் கீழே உள்ள "புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்களை மறை" என்ற டிக்கையும் எடுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. பென் டிரைவில் என்னென்ன ஃபோல்டர் வருகிறது?

2. ஐகான் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், "டார்கெட்" வரியில் என்ன இருக்கிறது?

3. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ். அடியில் "எக்ஸ்க்ளூஷன்ஸ்". நீங்கள் சேர்க்காத ஏதாவது அங்கே இருக்கிறதா?

நூலகப்பூனை
1. "சிஸ்வால்யூம்" என்று ஒரு ஃபோல்டர். உள்ளே எக்ஸ் என்ற எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் பெயராகக் கொண்ட ஒரு விபிஎஸ், ஒரு பேட், ஒரு டேட் ஃபைல். இன்னொரு மங்கலான ஃபோல்டரில் என் ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.
2. டார்கெட்டில் டபிள்யூஸ்கிரிப்ட், பிறகு அந்த விபிஎஸ் ஃபைலின் பெயர்.
3. விண்டோஸ் சிஸ்டம்32 ஃபோல்டர் எக்ஸ்க்ளூஷனில் இருக்கிறது. நான் சேர்க்கவே இல்லை!

திருகாணி
சந்தேகமே இல்லை, பென் டிரைவ் வழியாகப் பரவும் காயின் மைனர். டபிள்யூஸ்கிரிப்ட் என்பது விபிஎஸ் போன்ற ஸ்கிரிப்ட் ஃபைல்களை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்; அந்த ஐகானை டபுள் கிளிக் செய்ததும் அதுதான் ஓடியிருக்கிறது. உங்கள் ப்ராசஸரை வைத்து வேறு யாரோ கிரிப்டோ சம்பாதிக்கிறார்கள். டாஸ்க் மேனேஜர் திறந்தால் ஃபேன் அடங்குவதும் அதனால்தான். அது திறப்பதைக் கவனித்து வேலையை நிறுத்திக்கொள்கிறது.

ஸ்கேனில் ஏன் சிக்கவில்லை என்பதற்கு உங்கள் மூன்றாவது பதிலே விடை. "இந்த ஃபோல்டரைப் பார்க்காதே" என்று டிஃபெண்டரிடமே சொல்லி வைத்துவிட்டு அந்த ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

யெஸ், நோ கேட்கும் பெட்டி வராமல் அட்மின் உரிமை எப்படிக் கிடைத்தது? சி டிரைவில் "விண்டோஸ்" என்ற பெயருக்குப் பின் ஒரு ஸ்பேஸ் சேர்த்து இன்னொரு ஃபோல்டரை உருவாக்கும். அதற்குள் ஒரு சிஸ்டம்32. விண்டோஸின் அசல் பிரிண்ட்யூஐ புரோகிராமை அங்கே நகலெடுத்து, பக்கத்தில் அதே பெயரில் போலி டிஎல்எல் (புரோகிராம் ஓடும்போது கூடவே ஏற்றிக்கொள்ளும் துணை ஃபைல்) ஒன்றை வைக்கும். விண்டோஸ் பாதையைச் சரிபார்க்கும்போது அந்த ஸ்பேஸைக் கழித்துவிட்டுப் பார்ப்பதால், நம்ம வீட்டுப் பிள்ளை என்று கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. அசல் புரோகிராம் போலி டிஎல்எல்லைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

மொட்டைமாடி
கையாலேயே எடுத்துடலாம் நண்பா. வைஃபை ஆஃப் பண்ணு. எக்ஸ்க்ளூஷன் எல்லாத்தையும் ரிமூவ் பண்ணு. சர்வீசஸ் விண்டோவுல எக்ஸ் போட்டு ஆறு நம்பர் பெயர்ல ஒண்ணு இருக்கும், அதை ஸ்டாப் பண்ணி டிஸேபிள் பண்ணு. அப்புறம் நெட் போட்டு டிஃபெண்டரை அப்டேட் பண்ணிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன் கொடு. ரீஸ்டார்ட் ஆகி சுமார் 15 நிமிஷம் ஓடும். ரிசல்ட் ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரில வரும். கடைசியா அந்த ஸ்பேஸ் வச்ச ஃபோல்டரை கமாண்ட் ப்ராம்ப்ட்ல அழிச்சுடு.

திருகாணி
ஆஃப்லைன் ஸ்கேன் வரை சரி. கடைசி வரியை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அசல் ஃபோல்டருக்கும் போலிக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஸ்பேஸ். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் அதை அடிக்க மறந்தால் அசல் விண்டோஸ் ஃபோல்டரில் கை வைத்துவிடுவீர்கள்.

என் கருத்து, இந்த லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே சரி. அட்மின் உரிமையோடு இத்தனை நாள் ஓடிய ஒன்று வேறு எதை இறக்கி வைத்தது என்று தேடிக்கொண்டிருப்பதற்கு, இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம். வங்கிக் கணக்கு திறக்கும் மெஷின் என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

நூலகப்பூனை
சரி. ஆனால் டி டிரைவில் குடும்பப் போட்டோ 120 ஜிபி இருக்கிறது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு ஆரம்பிக்கட்டுமா?

திருகாணி
நிறுத்துங்கள்! அந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் அதற்கும் தொற்றிக்கொள்ளும். விண்டோஸ் ஓடாத நிலையில்தான் காப்பி எடுக்க வேண்டும்.

சுத்தமான வேறு கணினியில் லினக்ஸ் மின்ட் லைவ் பென் டிரைவ் (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஒன்று தயார் செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பை ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும். பிறகு மின்ட்டில் பூட் செய்து, இன்ஸ்டால் கொடுக்காமல், போட்டோவையும் டாக்குமென்ட்டையும் மட்டும் எக்ஸ்டர்னலுக்கு எடுங்கள். ஈஎக்ஸ்ஈ, பேட், விபிஎஸ், ஷார்ட்கட் எதுவும் வேண்டாம். பழைய சாஃப்ட்வேர் செட்டப்புகளையும் விட்டுவிடுங்கள், புதிதாக இறக்கிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 11 லேப்டாப் என்பதால் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மின்ட் டி டிரைவைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டால் 48 இலக்க பிட்லாக்கர் ரிக்கவரி கீ தேவை. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். முன்கூட்டியே மொபைலில் பார்த்து எழுதி வையுங்கள்.

பிறகு அதே சுத்தமான கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்து, அதிலிருந்து லேப்டாப்பில் விண்டோஸ் போடுங்கள். இன்ஸ்டாலில் கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" கொடுத்து ஹோம் எடிஷனையே தேர்ந்தெடுங்கள். புரோ எடுத்தால் ஆக்டிவேட் ஆகாது. காப்பி எடுத்த போட்டோக்கள் எக்ஸ்டர்னலில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் டிலீட் செய்யுங்கள்.

அகல்
எல்லோரும் மறந்தது ஒன்று: பாஸ்வேர்டு. அதை இந்த லேப்டாப்பிலிருந்து மாற்றாதீங்க, மொபைலில் மாற்றுங்க. முதலில் ஜிமெயில், அப்புறம் வங்கி. கூகுள் அக்கவுன்ட்டில் "யுவர் டிவைசஸ்" போய் தெரியாததையும் இந்த லேப்டாப்பையும் சைன் அவுட் பண்ணுங்க. பிரவுசரில் இருக்கிற லாகின் குக்கியைத் திருடியிருந்தா அதை வச்சே பாஸ்வேர்டு இல்லாம உள்ளே வர முடியும். கணக்கில் பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க.

நூலகப்பூனை
புதிதாகப் போட்டாகிவிட்டது, ஃபேன் அமைதி. பிட்லாக்கர் கீ கேட்டது, எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று. பழைய பென் டிரைவ்களை என்ன செய்ய? செருகினாலே மறுபடி ஏறிவிடுமா?

திருகாணி
ஏறாது. விண்டோஸ் 7 முதலே பென் டிரைவில் ஆட்டோரன் கிடையாது. நீங்கள் அந்த ஐகானை டபுள் கிளிக் செய்தால்தான் உள்ளே வரும். செருகி, திஸ் பிசியில் டிரைவ் மேல் ரைட் கிளிக், குவிக் ஃபார்மட். அதுவே போதும்.

இனி கடைக்குக் கொண்டுபோய் வந்த பென் டிரைவைத் திறந்ததும் வியூவில் "டீடெய்ல்ஸ்" வையுங்கள். ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டு என்று வைத்திருந்தாலும் ஷார்ட்கட்டுக்கு மட்டும் விண்டோஸ் எக்ஸ்டென்ஷன் காட்டாது, அதனால் பெயரைப் பார்த்து ஏமாறுவீர்கள். "டைப்" என்ற நெடுவரிசையில் ஷார்ட்கட் என்று இருக்கும், சைஸ் பெரும்பாலும் ஒன்றிரண்டு கேபிதான். உண்மையான ஃபோல்டர் என்றால் அங்கே சைஸே வராது.

மொட்டைமாடி
கடைக்குன்னு தனியா ஒரு பழைய 4 ஜிபி வச்சுக்கோ. பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதுல. திரும்பி வந்ததும் திறக்காம ஃபார்மட். கடை பிசில வாட்ஸ்அப் வெப் போட்டா, கிளம்புறதுக்கு முன்னாடி மொபைல்ல லிங்க்டு டிவைசஸ் போய் லாக் அவுட் பண்ணிடு.