கணினித் திரையைக் கைப்பேசியில் படம் பிடிப்பவர்களை என்ன செய்வது?

நொய்யல்கரையான் (திருப்பூர்), காலை 10.05

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைத் தொடக்கம் முதல் அனுப்பும் வரை கவனிப்பவராக வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் எட்டுக் கணினிகள். இருந்தும் எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கணினியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை. கைப்பேசியைத் திரைக்கு முன்னால் நீட்டி ஒரு தட்டு, அடுத்த நொடி வாட்ஸ்அப். படத்தின் ஓரத்தில் டீ டம்ளர், குறுக்கே ட்யூப் லைட்டின் வெள்ளைக் கோடு, திரை முழுக்க அலை அலையாக வரி.

போன வாரம் இதற்குத் தண்டம் கட்டினோம். டி-ஷர்ட்டின் அளவு அட்டவணையை இப்படித்தான் பிடித்து சாம்பிள் பிரிவுக்கு அனுப்பினார்கள். மார்பகலம் 53 சென்டிமீட்டர். அலை வரி சொல்லிவைத்தது போல அந்தக் கட்டத்தின் மேலேயே விழுந்ததில் 3 என்பது 8 ஆகத் தெரிந்திருக்கிறது. கட்டிங் மாஸ்டர் 58 என்று வெட்டி மூன்று உருப்படி தைத்து வைத்துவிட்டார். எல் சைஸ் கேட்டால் ஆளே உள்ளே குடியிருக்கலாம் போல ஒரு சட்டை வந்து நின்றது.

ஸ்கிரீன்ஷாட் மென்பொருள் எதையாவது விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் முதலாளி. ஒரு பைசா வேண்டாம் என்பது என் கட்சி. விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை மங்கும், வேண்டிய இடத்தை மட்டும் இழுத்து எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-இல் 2017 முதலே இது இருக்கிறது. அப்படியும் கைப்பேசியைத் தூக்குவது சோம்பேறித்தனம் இல்லாமல் வேறென்ன?

மஞ்சள்மண்டி (ஈரோடு), காலை 10.31

சோம்பேறித்தனம் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் அண்ணா. நானும் படம் பிடிக்கிறவள்தான்.

நான் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் இருக்கிறேன். கணக்கு மென்பொருள் உள்ள கணினிக்கு இணைய இணைப்புக் கிடையாது, வேண்டுமென்றே கொடுக்கவில்லை. பென் டிரைவ் செருகும் துளையையும் அடைத்துவிட்டார்கள். மண்டியில் ஏலம் நடக்கும்போதே வாடிக்கையாளர் கூப்பிட்டு, "அம்மணி, இன்னாருக்கு பாக்கி எவ்வளவு நிற்கிறது, உடனே அனுப்பு" என்பார். ஸ்கிரீன்ஷாட் எடுக்க எனக்கு ஒரு நொடி போதும். அதை அந்தப் பெட்டியிலிருந்து வெளியே கொண்டுவருவதற்கு வழி சொல்லுங்கள், கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

உங்கள் பிள்ளைகளின் கணினிகளில் வாட்ஸ்அப் திறந்திருக்கிறதா? கேட்டுப் பார்த்தீர்களா?

ஊத்துக்குளிவெண்ணெய், காலை 10.44

அக்கா கேட்டது சரியான கேள்வி. எடுப்பது சுலபம், அனுப்புவதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

விண்டோஸ் 10-இல் அண்ணன் சொன்ன மூன்று விசைகளை அழுத்தினால் படம் கிளிப்போர்டுக்கு, அதாவது நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவிடத்துக்கு மட்டுமே போகும். அடுத்து வேறெதையாவது நகலெடுத்தால் முதல் படம் போயே போய்விட்டது. இரண்டு முறை இப்படிப் பறிகொடுத்தவர் மூன்றாம் முறை கைப்பேசியைத்தான் எடுப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பதில் விண்டோஸ் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தச் சொல்லுங்கள். பிக்சர்ஸ் கோப்புறைக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற கோப்புறையில் வரிசை எண்ணோடு தானே சேமித்துக்கொள்ளும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு சன்னல் போதுமென்றால் ஆல்ட்டும் பிரிண்ட் ஸ்கிரீனும். இது கிளிப்போர்டோடு சரி, கோப்பாகாது.

இன்னொன்று: விண்டோஸும் வி-யும் அழுத்தி கிளிப்போர்டு வரலாற்றை ஒருமுறை இயக்கிவிட்டால் கடைசியாக எடுத்த 25 உருப்படிகள் வரை நினைவில் இருக்கும். பறிகொடுத்தது பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும். கணினியை அணைத்துவிட்டால் கிடைக்காது.

கோபிவாய்க்கால் (கோபிசெட்டிபாளையம்), காலை 11.20

இலவசம், இலவசம் என்று எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நான் கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். பாடக்குறிப்புகளை நானே தயாரிக்கிறேன். ஒரு குறிப்புக்கு நாற்பது படம் வேண்டும். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று வட்ட எண், அம்புக்குறி, நீளமான பக்கத்தை உருட்டி ஒரே படமாக்குவது எல்லாம் உண்டு. ஸ்னாகிட் என்ற மென்பொருளைக் காசு கொடுத்து வைத்திருக்கிறேன், வருத்தமில்லை. ஆசாரி உளிக்குக் கணக்குப் பார்ப்பாரா? வெறும் விசையை வைத்துக்கொண்டு பெயின்ட்டில் அம்பு வரைந்து பாருங்கள், பொழுது சாய்ந்துவிடும்.

ஊத்துக்குளிவெண்ணெய், காலை 11.38

ஐயா, பெயின்ட்டில் வரையச் சொன்னது யார்? கிரீன்ஷாட் விண்டோஸுக்கு இலவசம், திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்). எடுத்தவுடன் அதன் சொந்தத் திருத்தி திறக்கும். அம்பு, கட்டம், அடுத்தடுத்துத் தானே கூடும் வட்ட எண் எல்லாம் அதில் இருக்கின்றன. உருட்டி எடுக்க ஷேர்எக்ஸ், அதுவும் திறமூலம். முதல் நாள் அதன் பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சந்தைக் கடை மாதிரி எல்லாம் வெளியே பரப்பி வைத்திருக்கும்.

இணையப் பக்கத்தை மட்டும் நீளமாக எடுக்க எதையும் நிறுவ வேண்டாம். ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ். முழுப் பக்கமும் வேண்டுமா, தெரிகிற பகுதி போதுமா என்று அதுவே கேட்கும். எட்ஜிலும் இதே மூன்று விசைகள்தாம். குரோமில் இருக்கிறது, ஆனால் டெவலப்பர் கருவிகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

நொய்யல் அண்ணா, நிறுவனத்துக்கு என்று எதையாவது இறக்கும் முன்பு உரிம விதியைப் படியுங்கள். பிக்பிக் நல்ல கருவி. வீட்டு உபயோகத்துக்கு இலவசம், வணிக உபயோகத்துக்குக் காசு. கிரீன்ஷாட்டிலும் ஷேர்எக்ஸிலும் அந்தப் பேதம் கிடையாது.

கோபிவாய்க்கால், காலை 11.52

ஷேர்எக்ஸில் உருட்டி எடுத்துப் பார்த்தவன்தான் தம்பி. சில செயலிகளில் நடுவில் ஒரு பட்டையைக் காணோம். கெடு தேதிக்கு முதல் நாள் இரவு அதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார எனக்கு வயதாகிவிட்டது. நாற்பது படம் எடுக்கிறவனுக்கும் நாளைக்கு இரண்டு படம் எடுக்கிறவனுக்கும் ஒரே கருவியைத் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். திருப்பூர்காரருக்கு இது வேண்டாம், அதில் எனக்குத் தகராறு இல்லை.

சென்னிமலைப்போர்வை, பிற்பகல் 12.15

விலையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

இலவசக் கருவி ஒன்றை நிறுவியிருந்தேன். படம் எடுத்ததும் கீழே ஒரு மேகப் பொத்தான். அழுத்தினால் படத்தை இணையத்தில் ஏற்றிக் குட்டியாக ஒரு முகவரி கொடுக்கும். வாடிக்கையாளருக்கு அனுப்ப வசதியாக இருக்கிறதே என்று ஆறு மாதம் விலைப்பட்டியல், வங்கி வரவு எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன். ஒருநாள் முகவரியைத் தட்டும்போது கடைசி எழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டி என் திரையில் விரிந்தது. வரிசை எழுத்துகளில் முகவரி, பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அவருடையது எனக்குத் தெரிந்தால் என்னுடையது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அன்றே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கக் கோரி எழுதினேன்.

வெண்ணெய்த் தம்பி புகழும் ஷேர்எக்ஸிலும் ஏற்றும் வசதி இருக்கிறது. அலுவலகத்தில் போடுவதானால் முதலில் அதை அணையுங்கள்.

கணக்கு எண்ணை மறைக்கிறேன் என்று மங்கலாக்கி அனுப்புவதும் நம்பத் தகாதது. எண்கள் பத்தே வடிவம்தான், மங்கலிலிருந்து ஊகித்துவிடலாம். மஞ்சள் ஹைலைட்டருக்கு அண்ணனான கறுப்பு மார்க்கரால் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது முழுக்க மறைக்காது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் எண் எட்டிப் பார்க்கும். கறுப்பு நிரப்பிய கட்டம் போட்டுப் படமாகச் சேமியுங்கள்.

நொய்யல்கரையான், பிற்பகல் 12.40

அதனால்தான் சொல்கிறேன், விண்டோஸோடு வருவதே போதும்.

சென்னிமலைப்போர்வை, பிற்பகல் 12.47

அதுவும் ஓட்டை விட்டதுதான் அண்ணா. 2023 மார்ச்சில் வெளிவந்த செய்தி நினைவிருக்கிறதா? விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் படத்தைக் கத்தரித்து அதே கோப்பின் மேல் சேமித்தால், வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் வாலில் அப்படியே தங்கியிருந்தது. தெரிந்தவர் அதில் ஒரு பங்கை மீட்டுவிடலாம். கூகுள் பிக்சல் கைப்பேசிகளிலும் இதே கதை. திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பு கத்தரித்து அனுப்பிய கோப்புகள் அனுப்பிய இடங்களில் அப்படியேதான் இருக்கும்.

பேரூர்லினக்ஸ் (கோவை), பிற்பகல் 1.05

லினக்ஸ் வகையான உபுண்டு 22.04-இல் பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினாலே தேர்வுக் கட்டம் வருகிறது. போதாதவர்களுக்கு ஃபிளேம்ஷாட் என்ற இலவசக் கருவி. சாப்பிடப் போகிறேன்.

கூடுதுறை (பவானி), பிற்பகல் 2.10

வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு சிறு குறுக்கீடு. பணத்தகராறு என்று வருகிறவர்கள் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து நீட்டி, இதோ சாட்சி என்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய அதன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறினால் மாறிவிடும், கைரேகை போன்ற குறியீடு) கேட்கப்படுகிறது. அதனால் அசல் உரையாடலையோ மின்னஞ்சலையோ அழிக்காதீர்கள். படம் எடுத்தாகிவிட்டது என்று அசலைத் துடைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு.

காங்கேயம்காளை, பிற்பகல் 2.36

காலையிலிருந்து படிக்கிறேன். யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 53 என்பது எக்செல் கட்டத்தில் எழுத்தாக இருக்கிறது. அதை எதற்குப் படமாக்க வேண்டும்? கட்டங்களைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து அனுப்பலாம், இல்லையென்றால் கோப்பையே அனுப்பலாம். அளவைப் படமாக அனுப்புவது ரேஷன் அரிசியை ஒவ்வொரு மணியாக எண்ணிப் போடுவது போல. நொய்யலாரே, சாம்பிள் கெட்டதற்குக் கைப்பேசி பாதிக் காரணம், உங்கள் அலுவலக வழக்கம் மீதிக் காரணம்.

நொய்யல்கரையான், பிற்பகல் 3.02

வலிக்கிறது, ஆனால் பதில் இல்லை. ஒரு சாக்கு மட்டும் உண்டு. பையர், அதாவது துணி வாங்கும் நிறுவனம், அனுப்புவது எக்செல் இல்லை. படம், அம்பு, அளவு எல்லாம் சேர்ந்த பிடிஎஃப். தோள்பட்டைத் தையல் எங்கே தொடங்குகிறது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது, காட்டத்தான் வேண்டும். அதற்காவது ஸ்கிரீன்ஷாட் வேண்டும். நிறத்துக்கு நான் எந்தப் படத்தையும் நம்புவதில்லை. நிறத்துக்கான பொதுக் குறியீடான பான்டோன் எண்ணைச் சொல்லிவிட்டு, லேப் டிப் எனும் சாயமிட்ட மாதிரித் துணியைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் ஒப்புதல்.

ஊத்துக்குளிவெண்ணெய், பிற்பகல் 3.15

பிடிஎஃப் என்றால் முதலில் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு பெரிதாக்கினால் புள்ளிதான் பெருக்கும், எழுத்து தெளியாது. பிஎன்ஜி வடிவில் வையுங்கள். ஜேபெக்கில் எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்தது போல ஆகும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாகப் போட்டால் அது தன் பங்குக்குச் சுருக்கும். டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளது உள்ளபடி போய்ச் சேரும்.

மஞ்சள்மண்டி, மாலை 5.48

இணையம் இல்லாத கணினியில் விண்டோஸும் பிரிண்ட் ஸ்கிரீனும் போட்டுப் பார்த்தேன். கோப்புறையில் வரிசையாக நிற்கிறது. வாரக் கடைசியில் எங்கள் ஐயாவே நகலெடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஏல நேரத்தில் கூப்பிடுகிறவருக்கு மட்டும் கைப்பேசிதான், அதில் மாற்றமில்லை. படத்துக்குக் கீழே தொகையை எழுத்திலும் தட்டிவிடுகிறேன், காளை அண்ணன் சொன்னதற்காக.

அந்தச் சொல் மட்டும் இன்னும் மேலேயே நிற்கிறது.

நொய்யல்கரையான், மாலை 6.20

அழித்தால் உங்கள் பதில் அந்தரத்தில் தொங்கும் அம்மணி, அதனால் இங்கேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்னபடி பிள்ளைகளைக் கேட்டேன். எட்டில் ஐந்து கணினிகளில் வாட்ஸ்அப் திறக்க அனுமதியே இல்லை. தடை போட்டது போன வருடம் நான்தான். நாளை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். முதலாளியிடம் செலவு ஏதுமில்லை என்று சொன்னதும் அவருக்கு ஏமாற்றம் போலத்தான் தெரிந்தது.

58 சட்டை மூன்றும் வாட்ச்மேன் அண்ணனுக்குப் போய்விட்டன. அவருக்குக் கச்சிதமாக இருக்கிறது.