ஊட்டியில் அறை தேடுகிறேன், 14 நாளில் 9 போய்விட்டது

நானுஓயாக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கையில் நுவரெலியா பக்கம். படிக்க வந்து இன்றோடு ஒன்பது நாள். ஹொஸ்டலில் இடம் இல்லை என்று வந்த பிறகுதான் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு லாட்ஜில் நாள் வாடகைக்கு இருக்கிறேன். அப்பா அனுப்பிய காசு கரைகிறது. மூன்று வீடு பார்த்தேன். முதல் வீட்டில் பொம்பளைப் பிள்ளை தனியாகவா என்றார்கள். இரண்டாவதில் எல்லாம் பேசி முடித்து, சாவியும் கைக்கு வந்து, பாஸ்போர்ட்டைக் காட்டியதும் அந்த அம்மா "பொலிஸ் வேலை எல்லாம் நமக்கு வேண்டாம்மா" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்றாவதில் சுவர் முழுக்க ஈரம் ஊறிக் கறுப்பு. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் 14 நாளுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டுமாம், அதற்கு முகவரி வேண்டுமாம். ஊட்டியில் மாணவர்களுக்கு எந்த ஏரியா நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள். குளிரைச் சொல்லி யாரும் பயம் காட்ட வேண்டாம், நான் குளிரில் பிறந்தவள்.

மூணாம் வருஷம்:

பிங்கர்போஸ்ட். யோசிக்கவே வேண்டாம். கூடுதல் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பக்கம், அதனால் பஸ் உண்டு, கடை உண்டு, மெஸ் உண்டு. நாங்கள் நாலு பேர் இரண்டு வருஷமாக இங்கேதான். சேரிங்கிராஸ், கமர்சியல் ரோடு பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே வீடு கேட்டால் காட்டேஜ் ரேட் சொல்வார்கள்.

காந்தள் வாசி:

பிங்கர்போஸ்ட்டில் காற்று எப்படி அடிக்கும் என்று தம்பி சொல்லவில்லையே. ஜூலையில் எடுத்துப்போன குடை கம்பியாகத்தான் வீடு திரும்பும். காந்தளுக்கு வாம்மா. நெருக்கமான இடம், ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஆனால் வாடகை குறைவு, ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் என்றால் தட்டுவதற்குக் கதவு இருக்கும்.

மூணாம் வருஷம்:

பெருமழைக்குத் தாழ்வான தெருவில் தண்ணீர் நிற்பதையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணா.

காந்தள் வாசி:

அது கீழ்த் தெரு. நான் மேல் தெரு.

பினாங்கிலிருந்து:

நான் மலேசியாவிலிருந்து வந்து நாலு வருடம் ஊட்டியில் படித்தவன். ஏரியா பெயரை விடுங்கள் தங்கச்சி, வெயில் விழுகிறதா என்று பாருங்கள். நான் அதைப் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் கீழே பள்ளத்தாக்கு, எதிரே கற்பூர மரக்காடு, அதில் மயங்கி அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வீடு வடக்குப் பார்த்த சரிவில் இருக்கிறது என்பது நவம்பரில்தான் உறைத்தது. சூரியன் தெற்கே சாய்ந்ததும் மேட்டுக்குப் பின்னாலேயே உதித்து, பின்னாலேயே இறங்கிப் போனது. பொங்கல் கழியும்வரை என் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துவைத்த ஜீன்ஸ் ஆறு நாள் கொடியில் தொங்கி ஏழாம் நாள் நாறியது.

அம்மா வாங்கிக் கொடுத்த தோல் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். கல்லூரி விழாவுக்குப் போட எடுத்தால், பச்சையும் வெள்ளையுமாக முடி முளைத்துப் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. துடைத்தால் விரலெல்லாம் மாவு. பெல்ட் அப்படியே, பெட்டியின் உள்துணியும் அப்படியே. அந்த டிசம்பர் முழுக்கக் காலையில் எழுந்ததும் பக்கத்து வீட்டுப் படியில், வெயில் விழும் முழ அகல இடத்தில், அந்த வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்திருப்பேன். நான் யார், எந்த ஊர் என்று பாட்டி கடைசிவரை கேட்கவே இல்லை. "வெயிலுக்கு வந்தியா" என்று மட்டும் கேட்பார், கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.

நானுஓயாக்காரி:

நன்றி அண்ணா. ஆனால் எனக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. டிசம்பர் வெயிலைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

வீட்டை வாடகைக்கு விடுகிறவன் என்ற முறையில் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சி ஃபாரம் என்று அதைச் சொல்வார்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு இது என்னவென்றே தெரியாது, போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்த அம்மாவைத் திட்டாதே. இன்னொன்று, தோல் ஷூ கதை சொன்ன தம்பியைப் போன்றவர்கள் ஜன்னலை எட்டு மாதம் திறக்காமல் உள்ளேயே துணி காயப்போட்டுவிட்டுச் சுவரில் ஓதம் என்று எங்களைக் குறை சொல்வார்கள்.

பினாங்கிலிருந்து:

ஐயா, அந்த ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்தது.

மூணாம் வருஷம்:

வாத்தியாரே, 2017இல் வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. எங்களிடம் பத்து மாதம் வாங்கினார்கள். அதையும் உங்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

நான் ஐந்து மாதம்தான் வாங்குகிறேன்.

காந்தள் வாசி:

அட்வான்ஸை விடுங்க, வீடே இல்லையே. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் குடும்பம் இருந்த ஏழு வீடு இப்போது ஹோம்ஸ்டே. ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் வருகிற காசு மாச வாடகையில் ஒரு வருஷத்துக்கும் வராது. பிப்ரவரியிலேயே "தம்பி, சீசனுக்கு மட்டும் காலி பண்ணிட்டு ஜூன்ல வந்துடு" என்பார்கள். சாமான் எங்கே போகும்? சினேகிதன் வீட்டு மாடிப்படிக்கு அடியில். 2024 மே மாதத்தில் கோர்ட்டு டூரிஸ்ட் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்தது, 2025இல் வண்டிக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள், வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. இருந்தும் சேரிங்கிராஸில் ரோட்டைக் கடக்கப் பத்து நிமிஷம் நிற்கிறேன்.

மூணாம் வருஷம்:

மே மாதத்தில் பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணீர் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள். லாரித் தண்ணீர் காசு நாங்கள் தருகிறோம், டூரிஸ்ட் டப்பில் குளிக்கிறான்.

நானுஓயாக்காரி:

நுவரெலியாவிலும் ஏப்ரல் சீசன் இதே கதைதான். எங்கள் மாமா வீட்டில் அந்த மாதம் எல்லோரும் ஒரே அறைக்குள் படுத்துக்கொண்டு மற்ற அறைகளை வாடகைக்கு விடுவார்கள். ஆனால் நான் கேட்டது வேறு.

சேரம்பாடி பேரன்:

நானுஓயா என்ற பெயரைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. என் தாத்தா அந்த ஸ்டேஷனில்தான் ரயில் ஏறினாராம். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள் அல்லவா, அதில் ஒரு தலை அவர். தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம், அப்புறம் இங்கே அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை. லயத்துக் காம்பராவிலிருந்து இன்னொரு லயத்துக் காம்பராவுக்கு வரக் கடல் தாண்ட வேண்டியிருந்தது என்று சொல்லிச் சிரிப்பார். அப்பா கூடலூர் டவுனில் முதல்முதலில் வீடு கேட்டபோது "சிலோன்காரங்களுக்கு இல்லை" என்றார்களாம். பாஸ்போர்ட் எல்லாம் அப்போது கேட்கவில்லை, பேச்சை வைத்தே சொல்லிவிட்டார்கள். அதனால் தங்கச்சி, சாவியைத் திரும்ப வாங்கியதை நினைத்து ராத்திரி அழாதே. ஏரியாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நான் ஊட்டியில் வாடகைக்கு இருந்ததில்லை.

மந்தாடா அக்கா:

எல்லோரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பாப்பா, நீ எந்தக் கல்லூரி? ஆர்ட்ஸ் காலேஜா, பார்மசியா, மெடிக்கலா? கையில் மாதம் எவ்வளவு?

நானுஓயாக்காரி:

இன்ஜினியரிங் அக்கா. கேத்தியில். கடிதத்தில் நீலகிரி என்றுதான் இருந்தது, வீட்டில் எல்லோரும் ஊட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டது. காலையில் பஸ்ஸில் போய் வருகிறேன். வாடகைக்கு 6,000 வரை முடியும், இன்னொரு பிள்ளை சேர்ந்தால் கூடக் கொஞ்சம்.

மூணாம் வருஷம்:

கேத்தியா! அப்புறம் எதுக்குங்க பிங்கர்போஸ்ட், காந்தள் எல்லாம்? இரண்டும் டவுனுக்கு அந்தப் பக்கம்.

காந்தள் வாசி:

நான் வாபஸ்.

மந்தாடா அக்கா:

சரி. ஊட்டி டவுனை மறந்துவிடு. ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் மெயின் ரோட்டில் எங்கள் மந்தாடா, அப்புறம் எல்லநள்ளி, அதைத் தாண்டி அருவங்காடு. எல்லநள்ளியில்தான் கேத்திக்கு ரோடு பிரிகிறது. மெயின் ரோட்டில் ஊட்டி – குன்னூர் பஸ் போய்க்கொண்டே இருக்கும், கீழே இறங்கிவிட்டால் மினி பஸ்ஸை நம்பி இருக்க வேண்டும், அதில் கடைசி வண்டி எப்போது என்று டிரைவரிடமே கேட்டுக்கொள். அதனால் முதலில் எல்லநள்ளியில் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தேடு. கிடைக்காவிட்டால் அருவங்காடு. கார்டைட் ஃபேக்டரி ஆட்கள் தலைமுறையாகக் குடியிருக்கும் இடம், வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள், டூரிஸ்ட் தொல்லை குறைவு, சீசனுக்குக் காலி பண்ணு என்று கேட்பது அபூர்வம். மலை ரயில் கேத்தியில் நிற்கும்தான், ஆனால் நாளைக்குச் சில வண்டிதான் உண்டு, அதை நம்பி வகுப்புக்குப் போக முடியாது.

ஒன்று கவனி. ஜூலை மழையைப் பார்த்துவிட்டோம் என்று நினைக்காதே. தென்மேற்குப் பருவமழையில் நனைவது அவலாஞ்சி, கூடலூர் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அப்போதும் அது அந்தப் பக்கம்தான். கேத்தி, குன்னூர், கோத்தகிரிக்கு மழை என்றால் அக்டோபர், நவம்பர். 2009 நவம்பரில் இந்தச் சரிவுகளில்தான் மண் இறங்கி வீடுகளோடு ஆட்களையும் கொண்டுபோனது. நான் அப்போது பத்தாம் வகுப்பு, ரோடு திறக்கும்வரை பள்ளிக்கூடம் இல்லை. வீடு பார்க்கப் போனால் முன்பக்கம் அப்புறம், முதலில் பின்பக்கம் போய்ப் பார். வீடு கட்ட மலையை வெட்டி, வெட்டிய மண்ணை அப்படியே நிமிர்த்தி விட்டிருந்தால் வேண்டாம். தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா பார். மேலே சாய்ந்த கற்பூர மரம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

பினாங்கிலிருந்து:

பதிவுக்கு வருகிறேன். 14 நாள் என்பது உண்மை. ஆனால் அதற்கு வாடகை வீடுதான் வேண்டும் என்று யார் சொன்னது? லாட்ஜும் உங்களுக்காகச் சி ஃபாரம் போட்டிருக்க வேண்டும், நீங்கள் நுழைந்த மறுநாளே. அதன் பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கல்லூரியில் படிக்கிறேன் என்பதற்குச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, போட்டோ. ஊட்டியில் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதில்லை, இணையத்திலேயே விண்ணப்பம். நான் லாட்ஜ் முகவரியில்தான் பதிந்தேன், வீடு கிடைத்ததும் முகவரி மாற்றத்தைத் தெரிவித்தேன். வீடு தேடும் அவசரத்தையும் பதிவு அவசரத்தையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டால் சுவர் கறுத்த வீட்டுக்குத்தான் போவீர்கள். என்னைப் போல.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

வீட்டுக்காரரிடம் பேசும்போது பாஸ்போர்ட்டைக் கடைசியில் எடுக்காதே. ஆரம்பத்திலேயே சொல். சி ஃபாரத்துக்கு அவர் ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை, அவர் பெயரில் இணையத்தில் கணக்குத் தொடங்கி வீட்டில் இருந்தபடியே போடலாம், நீயே உட்கார்ந்து போட்டுக் கொடு. இரண்டு போட்டோ, கல்லூரிச் சான்றிதழ் நகல் கையில் வைத்திரு. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கு, அதில் ஏப்ரல், மே உட்பட 11 மாதம் என்று எழுதச் சொல்.

ஜனவரியில் கை விறைத்தாலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதே. புகை தெரியாது, வாசனை தெரியாது, காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். குளிரில் பிறந்தவள் என்றாலும் நுவரெலியாவை விட ஊட்டி 370 மீட்டர் உயரம்.

நானுஓயாக்காரி:

சரி சேர்.

மந்தாடா அக்கா:

இன்னொன்று. தேயிலைத் தோட்டத்துக்குள் குறுக்குப் பாதை காட்டுவார்கள், பத்து நிமிஷம் மிச்சம் என்பார்கள். பகலில் போ. இருட்டினால் ரோடுதான். உங்கள் ஊரில் சிறுத்தை உண்டு, காட்டெருமை கிடையாது. தேயிலைச் செடிக்கு நடுவே படுத்திருந்தால் பாறை மாதிரி இருக்கும், எழுந்தால்தான் தெரியும்.

நானுஓயாக்காரி:

கல்லூரியில் கூடப் படிக்கும் பிள்ளை ஒன்று அருவங்காட்டில் இருந்து வருகிறாள். அவள் அம்மாவிடம் கதைத்தேன். எல்லநள்ளியில் அவர்களுக்குத் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறதாம், 5,500, இரண்டு பேருக்கு, கெய்சர் இல்லை, விறகு அடுப்பில் வெந்நீர். நாளைக்குக் காலையில் அவர்களோடு போய்ப் பார்க்கிறேன். பின்பக்கம் முதலில். அக்கா, கிழக்குப் பார்த்த வீடு என்றால் வெயில் வருமா?

பினாங்கிலிருந்து:

காலையில் வரும். எதிரே மேடு இல்லாவிட்டால். சுவரில் அலமாரி இருந்தால் நகர்த்திப் பார்த்துவிட்டு, பின்னால் உள்ளங்கையை வையுங்கள்.

நானுஓயாக்காரி:

லாட்ஜில் சி ஃபாரம் கேட்டேன். போட்டாச்சு, பிரிண்ட் எடுக்க 50 ரூபாய் என்கிறார். கொடுக்கலாமா?

மூணாம் வருஷம்:

பிரிண்ட் ஐந்து ரூபாய்தான்!

காந்தள் வாசி:

பஸ் ஸ்டாண்டு எதிரிலே ஜெராக்ஸ் கடையில் மூன்று ரூபாய்.

மந்தாடா அக்கா:

கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு வா பாப்பா. தேதி சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்.