அன்ரிகனியின்ர அந்த வரிகளை எப்பிடிச் சொல்லுறது?

நல்லூரில சின்னக் குழுவா சோபோகிளீசின்ர பழைய கிரேக்க நாடகம் 'அன்ரிகனி' பழகுறம். மேடையேற மூண்டு கிழமைதான் இருக்கு. ஓரிடத்தில தடக்குப்பட்டு நிக்கிறம்.

அரசன் கிரேயோன் தடுத்தும் சகோதரன்ர உடலுக்கு மண் தூவின அன்ரிகனி, சாகப்போகேக்க சொல்லுறாள்: புருசனோ பிள்ளையோ செத்திருந்தா சட்டத்தை மீறியிருக்கமாட்டன், தாய் தகப்பன் போனபிறகு எனக்கு இன்னொரு சகோதரன் பிறக்கமாட்டான்.

ஒத்திகை பாக்க வந்த ஒரு அம்மா இந்த இடத்தில எழும்பி வாசலில போய் நிண்டா. "பிள்ளைக்கெண்டா செய்யமாட்டாளாமோ?" எண்டு மட்டும் கேட்டா. காணாமல்போன பிள்ளையின்ர படத்தை வைச்சுக்கொண்டிருக்கிற தாய்மாரும் பாக்க வருவினம்.

வெட்டிப் பாத்தம். அவள் வெறும் வீராங்கனையாகிட்டாள், அந்தத் தனிமை போட்டுது. ஒப்பாரி மெட்டில சொல்லவிட்டா வசனம் விளங்கேல்லை. கூட்டமாப் பாடுற கோரசுக்குக் குடுத்தும் சரிவரேல்லை. இந்த வரிகள் பிறகு ஆரோ சேர்த்த இடைச்செருகலா இருக்கவேணுமெண்டு ஜேர்மன் கவிஞர் கோதேயும் விரும்பினவர். ஆனா அரிஸ்ரோட்டில் அந்தக் காலத்திலயே இதை மேற்கோள் காட்டியிருக்கிறார். எனக்கு இது அவளின்ர சொல்லாத்தான் படுது, வெட்ட மனமில்லை.

மேடை அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ: பாக்கிற தாய்மாரை நோகடிக்காமல் இந்த வரிகளை நடிக்கிற பிள்ளை எப்பிடிச் சொல்லலாம்?