வளவுக்க எடுத்த ஈயக்குண்டு, வெள்ளைக்காரன்ட துவக்குக்குரியதோ?

வடலி:
வணக்கம். யாழ்ப்பாணத்தில பண்ணைப் பக்கம் எங்கட வளவில தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டேக்க ஒரு உருண்டை வந்தது, அருநெல்லிக்காய் அளவு, சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக் கிடக்கு, ஆனா கையில எடுத்தா நல்ல பாரம். அளந்தன் 17.5 மில்லிமீற்றர், நகைக்கடைத் தராசில 32 கிராம். நெற்றில தேடினா இங்கிலீசுப் பட்டாளத்தின்ர பிரவுண் பெஸ் துவக்கின்ர வாய் 19 மில்லிமீற்றராம், அப்ப இது அதுக்குள்ள லொடலொடக்குமே? அப்பா 1795 இல இங்கிலீசுக்காரனுக்கும் ஒல்லாந்தனுக்கும் நடந்த சண்டையில விழுந்ததெண்டே நிக்கிறார்.

பழஞ்சாமான்:
லொடலொடக்கத்தான் வேணும் தம்பி, வேணுமெண்டே சின்னனா வார்த்தவங்கள். அந்தக் காலத்து வெடிமருந்து எரிஞ்சா குழலுக்க கரி கட்டும், கொஞ்ச வெடி வைச்சாப் பிறகு சரியளவுக் குண்டு இறங்காது, சண்டைக்க நிண்டு துடைச்சுக்கொண்டிருக்கேலுமோ. பேப்பர் சுருளுக்க மருந்தும் குண்டும் சேத்துக் கட்டியிருக்கும், பல்லால கடிச்சுக் கிழிச்சு, கொஞ்ச மருந்தை வெளிய இருக்கிற சின்னக் கிண்ணியில போட்டு மூடி, மிச்சத்தைக் குழலுக்க கொட்டி, குண்டையும் பேப்பரையும் கம்பியால இடிச்சு இறக்கிறது. பழகின சிப்பாய் நிமிசத்துக்கு 3 வெடி வைப்பான். ஆனா குண்டு குழலுக்க அங்கயும் இங்கயும் முட்டிக்கொண்டு வாறபடியா எந்தப் பக்கம் போகுமெண்டு அவனுக்கே தெரியாது, 100 யார் தள்ளி நிக்கிற ஒரு ஆளை விழுத்திறது அதிஷ்டம்தான். அதாலதான் வரிசையா நிண்டு ஒரேயடியா வெடி வைச்சவங்கள். குண்டில கோடு ஏதும் கிடக்கோ?

வடலி:
ஓம் அண்ணை, நடுவால மெல்லிய கோடு சுத்திப் போகுது, ஒரு இடம் சப்பை.

பழஞ்சாமான்:
கோடு அச்சு பொருந்தின இடம், சப்பை ஈயம் ஊத்தின வாயை நறுக்கினது. எதிலயும் அடிபட்ட குண்டெண்டா நசிஞ்சிருக்கும், இது ஆரோ சுடாமலே தவறவிட்டது. அப்பாட்டைச் சொல்லுங்கோ, 1795 செப்டெம்பர் 28 யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் சண்டை பிடிக்காமலே குடுத்திட்டினம், முற்றுகை போட்டது திருகோணமலையில, அதுக்கு முதல் மாசம்.

வன்னிப்பேரன்:
உடனை இங்கிலீசுக்காரன்ட தலையில கட்டாதேங்கோ, ஒல்லாந்தன்ட துவக்குக்கும் கிட்டத்தட்ட இந்தளவுதான். எங்கட அப்புவும் வாயால நிறைக்கிற துவக்கு வைச்சிருந்தவர், பழைய ஈயத்தைச் சிரட்டைக் கரியில உருக்கித் தானே வார்த்து, தும்பு அடைச்சு இடிப்பார். பிறகு, அந்த வெள்ளையைச் சுரண்டாதேங்கோ, ஈயத்தின்ர துரு, நஞ்சு. பிள்ளையள் வாயில வைச்சிடுங்கள்.

வடலி:
அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். “சண்டை பிடிக்க வரேல்லையெண்டா குண்டை ஏன்டா கொண்டந்தவங்கள்” எண்டிட்டு தேத்தண்ணி குடிக்கப் போட்டார்.